கிளாக் 19-ஆ, கிளாக் 23-ஆ? முதல் கைத்துப்பாக்கி வாங்குபவருக்கு

அமெரிக்காவில் எந்தத் துப்பாக்கிக் கடைக்குப் போனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் கிளாக் நிறுவனத்தின் கைத்துப்பாக்கியான கிளாக் 19 இருக்கும். பல கடைகளில் அதன் பக்கத்திலேயே கிளாக் 23-ம் இருக்கும். விலைச்சீட்டைத் திருப்பி வைத்துவிட்டால் எது எது என்று புதிதாக வருபவரால் சொல்ல முடியாது. கைப்பிடி ஒன்று, நீளம் ஒன்று, விசையை இழுக்கும் விதமும் ஒன்று. 19 சுடுவது 9 மி.மீ. தோட்டா, 23 சுடுவது .40 ஸ்மித் அண்ட் வெசன் தோட்டா, சுருக்கமாக .40. இந்த ஒரு வேறுபாட்டை வைத்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பட்டிமன்றம் நடக்கிறது. கடைக்காரர் ஒன்று சொல்வார். சுடுதளத்தில் பக்கத்துத் தடத்தில் நிற்பவர் கேட்காமலேயே வேறொன்று சொல்வார்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் துப்பாக்கி என்றால் பெரும்பாலானோருக்கு 19 தான் சரி. 23 பொருந்தக்கூடியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்பது கீழே வரும். ஆனால் என் பேச்சை நம்பி யாரும் பணம் கட்ட வேண்டாம். ஒரு மாலையில், இரண்டு பெட்டித் தோட்டாவில், நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

முதலில் சட்டம்

அமெரிக்காவில் வாழும் தமிழர்களில் பலர் தாண்டிப் போய்விடும் படி இது. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்து தங்கியிருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டத்தின் பொது விதி. மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பதை நண்பரிடம் கேட்காதீர்கள், வழக்கறிஞரிடம் கேளுங்கள். சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கக்கூடும். துப்பாக்கிக் குற்றம் ஒருவரை நாடுகடத்துவதற்கே காரணமாகலாம். கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

வீட்டில் ஒருவர் குடிமகளாகவும் மற்றவர் எச்-1பியிலும் இருந்தால்? மனைவி தனக்காக வாங்கலாம். ஆனால் பெட்டகத்தின் எண் கணவருக்குத் தெரிந்திருந்தால், துப்பாக்கி அவர் வசமும் இருப்பதாக வாதிட இடமிருக்கிறது. தடையுள்ள கணவருக்காக மனைவி தன் பெயரில் வாங்கிக் கொடுப்பது தெளிவான குற்றம். 2022-இல் வந்த சட்டத்தின்படி பினாமியாக வாங்குவதற்கு 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு.

தகுதி இருந்தால் மற்றவை எளிது. உரிமம் பெற்ற டீலர் 21 வயது நிறையாதவருக்குக் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது. கைத்துப்பாக்கியை நீங்கள் வசிக்கும் மாநிலத்தில்தான் கையில் வாங்க முடியும். 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். படிவத்தில் கஞ்சா பற்றி ஒரு கேள்வி வரும். மாநிலம் கஞ்சாவை அனுமதித்திருந்தாலும் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று அங்கேயே அச்சடித்திருப்பார்கள். இதற்கு மேல் மாநிலங்களின் சட்டம். டெக்சாஸில் கூடுதல் அனுமதிச் சீட்டு எதுவும் வேண்டியதில்லை. நியூஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனித்தனி அனுமதி வாங்க வேண்டும். கலிஃபோர்னியா விற்கத் தகுந்த கைத்துப்பாக்கிகளுக்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அங்கே சட்டம் மாறிக்கொண்டே இருப்பதால் எந்த மாதிரி கிடைக்கும் என்பதை டீலரிடம் கேட்ட பிறகே மேற்கொண்டு யோசியுங்கள்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தத் தேர்வே உங்களுக்குக் கிடையாது. இந்தியாவில் 9 மி.மீ. பிஸ்டல் தடைசெய்யப்பட்ட வகையில் வருகிறது. உரிமம் பெற்ற பொதுமக்கள் கையில் இருப்பது பெரும்பாலும் .32 என்ற தோட்டாவைச் சுடும் துப்பாக்கி.

.40 என்ற தோட்டா எதற்காக வந்தது

கதை தெரியாமல் பட்டிமன்றத்தில் உட்கார்ந்தால் தலை சுற்றும்; சுருக்கமாகச் சொல்கிறேன். 9 மி.மீ. தோட்டா ஜெர்மனியில் கியோர்க் லூகர் 1902-வாக்கில் உருவாக்கியது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் வங்கிக் கொள்ளையர் இருவருடன் எஃப்.பி.ஐ. மோதியது. முகவர்கள் இருவர் இறந்தார்கள், ஐவர் காயமடைந்தார்கள். கொள்ளையரில் ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் போன 9 மி.மீ. குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அவன் அதன் பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தான். பழி தோட்டாவின் மேல் விழுந்தது.

எஃப்.பி.ஐ. 10 மி.மீ. தோட்டாவுக்குப் போனது. சுடும்போது துப்பாக்கி கையைப் பின்னுக்குத் தள்ளும் அதன் உதை பலருக்குத் தாங்கவில்லை, கைப்பிடியும் பெரிது. வெடிமருந்தைக் குறைத்துப் போட்டார்கள். குறைத்த பிறகு மருந்தை அடைக்கும் தோட்டாக் கூட்டுக்குள் நிறைய இடம் வீணாகக் கிடப்பதைப் பார்த்த ஸ்மித் அண்ட் வெசனும் வின்செஸ்டரும், கூட்டையே குட்டையாக்கி 1990 ஜனவரியில் .40 தோட்டாவை அறிமுகப்படுத்தின. தோட்டாவைப் பெற்றவர் ஒருவர், அதை வைத்துப் பெயர் வாங்கியவர் இன்னொருவர்: கிளாக் தன் 22, 23 மாதிரிகளை முந்திக்கொண்டு சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. 1997-இல் எஃப்.பி.ஐ.யும் அவற்றையே எடுத்துக்கொண்டது; நாடெங்கும் காவல் துறைகள் .40 பக்கம் சாய்ந்தன.

பிறகு காற்று திரும்பியது. முனையில் குழியுள்ள, பட்டதும் விரியும் வெற்று முனைக் குண்டுகளின் வடிவமைப்பு இடைப்பட்ட காலத்தில் வெகுவாக முன்னேறியது. எஃப்.பி.ஐ. தன் சோதனைகளில் உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டிக்குள் குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறது; நல்ல 9 மி.மீ. தோட்டாவும் இன்று அதை எட்டுகிறது. முகவர்களில் பெரும்பாலோர் 9 மி.மீ.யில்தான் வேகமாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள் என்று கண்டு, 2014-இல் 9 மி.மீ.க்குத் திரும்புவதை நியாயப்படுத்தியது. 2016-இல் புதிய ஒப்பந்தத்தையும் கிளாக்குக்கே கொடுத்தது.

"போலீஸே .40 தானே வைத்திருக்கிறது" என்று இன்றும் சொல்பவரிடம் வாதம் செய்ய வேண்டாம். அவருடைய நாட்காட்டி பழையது.

எண்களில் எவ்வளவு வித்தியாசம்

வழக்கமான 9 மி.மீ. குண்டு 124 கிரெயின் எடை. அதாவது சுமார் 8 கிராம். கிளாக் 19-இன் நான்கு அங்குலக் குழலில் இருந்து அது நொடிக்கு 350 மீட்டர் அளவில் வெளியேறுகிறது என்று வையுங்கள். .40-இல் பொதுவான 180 கிரெயின் குண்டு 11.7 கிராம், வேகம் நொடிக்கு 300 மீட்டர் அளவு. ஆற்றலைக் கணக்கிட்டால் முன்னது 490 ஜூல், பின்னது 525 ஜூல். வித்தியாசம் வெகு சொற்பம். ஆனால் கையில் உணரும் உதையைத் தீர்மானிப்பதில் உந்தத்துக்குத்தான் பெரிய பங்கு; எடையை வேகத்தால் பெருக்கினால் .40 ஏறக்குறைய கால்வாசி கூடுதல். துப்பாக்கியோ இரண்டிலும் காலி மேகசினோடு (தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் பெட்டி) சுமார் 670 கிராம்தான். அந்தக் கூடுதல் உந்தத்தை வாங்கிக்கொள்வது உங்கள் மணிக்கட்டு.

இரண்டு தோட்டாக்களையும் மேசை மேல் நிற்க வைத்துப் பாருங்கள். .40 பருமனாக இருக்கும், ஆனால் முழு நீளத்தில் 9 மி.மீ.யைவிட ஒரு மில்லிமீட்டர் போல் குட்டை. அதனால்தான் 9 மி.மீ.க்காக வடித்த உடலுக்குள் அதைத் திணிக்க முடிந்தது. பருமனுக்குக் கொடுத்த விலை மேகசினில் தெரியும்: 19-இல் 15 தோட்டா, 23-இல் 13.

நீங்கள் இருப்பது நியூயார்க்கிலோ நியூஜெர்சியிலோ என்றால் இந்த வரியை அடித்துவிடலாம். அங்கே மேகசினில் 10-க்கு மேல் கூடாது, இரண்டும் சமம்.

சுடுதளத்தில் ஒரு மாலை

இதுதான் முக்கியமான படி. துப்பாக்கிகளை வாடகைக்குத் தரும் சுடுதளங்கள் பெரும்பாலானவற்றில் 19 நிச்சயம் கிடைக்கும். 23 இல்லையென்றால் அதைவிடச் சற்றுப் பெரிய கிளாக் 22 இருக்கும். நீளக் குழல் என்பதால் 22-இன் உதை கொஞ்சம் அடங்கித் தெரியும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை சுட்டதே இல்லை என்றால் முதலில் ஒரு அடிப்படை வகுப்புக்குப் போய்வாருங்கள். துப்பாக்கி எப்போதும் நிரம்பியிருப்பதாகவே கருதுவது, அழிக்க விரும்பாத எதன் மீதும் முனையைத் திருப்பாதது, குறி வைக்கும் வரை விரலை விசைக்கு வெளியே வைப்பது, இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் அறிந்திருப்பது ஆகிய நான்கும் கைக்குப் பழகிய பிறகே ஒப்பீடு.

இலக்குத் தாளை ஏழு கெஜத்தில், அதாவது ஆறரை மீட்டரில் நிறுத்துங்கள். முதலில் 9 மி.மீ. ஐந்து தோட்டா, அவசரமில்லாமல், ஒரே புள்ளியில். தாளில் பேனாவால் "19" என்று எழுதிவிடுங்கள். அடுத்த தாளில் .40 ஐந்து. பிறகு இரண்டிலும் இரண்டிரண்டாக, முதல் குண்டு போனதும் முன்குறி (குழலின் முனைப் பக்கம் இருக்கும் குறி) திரும்ப இலக்குக்கு வந்த கணத்திலேயே அடுத்தது. கடைசியில் மறுபடியும் 19-இல் ஐந்து. .40-ஐ முதலில் எடுக்காதீர்கள். அதன் உதையைக் கை ஒருமுறை மனப்பாடம் செய்துகொண்டால், பிறகு 9 மி.மீ. சுடும்போதும் முன்கூட்டியே சுருங்கும்; இரண்டையும் நியாயமாக ஒப்பிட முடியாது.

இப்போது தாள்களைப் பாருங்கள். வலக்கைக்காரரின் ஓட்டைகள் புள்ளிக்குக் கீழே, இடப்பக்கமாக இறங்கியிருந்தால், பெரும்பாலும் உதையை எதிர்பார்த்து முனையை முன்னதாகவே அழுத்துகிறார் என்று பொருள். உறுதி செய்ய ஒரு வழி உண்டு. போலித் தோட்டா இரண்டை வாங்கி, கூட வந்தவரிடம் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் மேகசினின் நடுவில் செருகச் சொல்லுங்கள். சுட்டுக்கொண்டே போகையில் போலித் தோட்டா வரும் இடத்தில் "டக்" என்ற சத்தம் மட்டும் கேட்கும். அந்த நொடியில் உதை இல்லை, வெடிப்பு இல்லை. ஆனாலும் துப்பாக்கியின் மூக்கு சட்டென்று கீழே குனிந்தால், அதைக் குனிய வைத்தது உங்கள் கைதான். 19-இல் அசையாமல் நின்று 23-இல் குனிந்தால் முடிவு கிடைத்துவிட்டது. இரண்டிலும் குனிந்தால் துப்பாக்கி வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப்போட்டுப் பயிற்சிக்குப் போங்கள். இரண்டிலும் அசையவில்லை என்றால் உங்களுக்கு .40 தடையல்ல, அடுத்த படியில் பணத்தைப் பாருங்கள்.

தோட்டாச் செலவு

துப்பாக்கியை ஒருமுறை வாங்குகிறோம். கையைக் கடிப்பது தோட்டாதான். விலை ஏறி இறங்கும். கணக்குக்காக 9 மி.மீ. பயிற்சித் தோட்டா 25 சென்ட், .40 38 சென்ட் என்று கொள்ளுங்கள். மாதம் நூறு சுட்டால் ஆண்டுக்கு 300 டாலர் எதிர் 456 டாலர். இந்த 156 டாலர் வித்தியாசத்தைப் பெரிதாக நினைக்காதவர்கள்கூட, நடைமுறையில் .40 வாங்கிய பிறகு பெட்டியைச் சிக்கனமாகவே திறக்கிறார்கள். மாதம் நூறு அறுபதாகும், பிறகு நாற்பதாகும். அதிக உதையுள்ள தோட்டாவைக் குறைந்த பயிற்சியோடு சுடுவதுதான் இரண்டு உலகத்திலும் மோசமானது.

ஒரு எதிர்வாதம் உண்டு. 2020, 2021-இல் தோட்டாப் பஞ்சம் வந்தபோது எல்லோரும் முதலில் காலி செய்தது 9 மி.மீ. அலமாரியை. .40 வைத்திருந்தவர்களுக்குச் சில கடைகளில் அப்போதும் கிடைத்தது.

23 யாருக்குப் பொருந்தும்

காவல் துறைகள் 9 மி.மீ.க்குத் திரும்பியதால் அவர்கள் கைவிட்ட .40 கிளாக்குகள் பழைய துப்பாக்கிச் சந்தையில் குவிந்தன. புதிய 19-இன் விலையோடு ஒப்பிட்டால் கணிசமாக மலிவு. ஸ்லைடின், அதாவது சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல்பாகத்தின், ஓரங்களில் கருமை தேய்ந்து வெள்ளை தெரியும். உறையில் இருந்து எடுத்து எடுத்து வைத்த அடையாளம் அது, பயப்பட வேண்டாம். இருட்டில் ஒளிரும் குறிகள் இருந்தால் விளக்கை அணைத்துப் பாருங்கள். அவற்றை ஒளிரச் செய்யும் டிரிட்டியத்தின் அரைவாழ்வு 12 ஆண்டுகளைக் கொஞ்சம் தாண்டும். பழைய துப்பாக்கியில் மங்கித்தான் இருக்கும், மாற்றும் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். ஸ்லைடுக்கு அடியில் இருக்கும் பின்னுதைப்பு ஸ்பிரிங்கை வாங்கியவுடனேயே புதிதாக மாற்றிவிடுங்கள். .40 அதை விரைவாகத் தேய்க்கும்; விலை சொற்பம்.

இரண்டாவது காரணம், ஒரே உடலில் பல தோட்டா. 23-இல் தனியாக விற்கும் 9 மி.மீ. மாற்றுக் குழலைப் போட்டு, 9 மி.மீ. மேகசினைச் செருகினால் பயிற்சிக்கு மலிவுத் தோட்டாவைச் சுடலாம். .357 சிக் என்ற இன்னொரு தோட்டாவுக்கான குழலும் பொருந்தும். ஆனால் 19-ஐ .40 ஆக மாற்ற முடியாது. அதன் ஸ்லைடின் முகப்பு .40-இன் பருத்த அடிப்பாகத்துக்கு இடம் கொடுக்காது. கிளாக் 19-இன் சொந்தக் குழலைக் கழற்றி 23-இல் போடுவதும் கூடாது. மாற்றுக் குழல் என்பது 23-இன் ஸ்லைடுக்காகவே கடைந்த வேறு பொருள். தற்காப்புக்கு என்று வைத்திருக்கும் துப்பாக்கியில் இந்த மாற்று வேலை எனக்கு உடன்பாடில்லை. பயிற்சிக்கு மட்டும் சரி.

உறை வாங்கும்போது துப்பாக்கியின் தலைமுறையை, அதாவது அந்த மாதிரியின் எத்தனையாவது பதிப்பு என்பதைப் பாருங்கள். மூன்றாம், நான்காம் தலைமுறையில் 19-இன் உறை 23-க்கும் பொருந்தும். ஐந்தாம் தலைமுறை 23-இன் ஸ்லைடை அகலமாக்கிவிட்டார்கள். உதை கொஞ்சம் அடங்கியது நல்லதுதான். ஆனால் 19-க்கென்று அச்சாக வார்த்த உறைக்குள் அது இறங்காமல் போகலாம்.

தோட்டா மாறினால்

ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். .40 தோட்டா 9 மி.மீ. குழலுக்குள் நுழையாது, சுடாமல் நின்றுவிடும். தலைகீழாக நடந்தால்தான் விபரீதம். .40 குழலுக்குள் 9 மி.மீ. தோட்டா தொளதொளவென்று உட்கார்ந்து, சில வேளைகளில் வெடித்தும்விடும். கூடு பக்கவாட்டில் கிழிந்து வாயு முகத்தை நோக்கி வரலாம். சுடுதள மேசையில் ஒரு நேரத்தில் ஒரு வகைத் தோட்டா மட்டும் திறந்திருக்கட்டும். .40 மேகசின்களின் அடித்தகட்டில் வெள்ளை மையால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

கடையில் பெட்டியை எடுக்கும்போதும் பெயரைப் படியுங்கள். 9 மி.மீ. லூகர், 9 மி.மீ. பாராபெல்லம், 9x19 மூன்றும் ஒன்றுதான். 19-க்கு வேண்டியது அதுதான். 9 மி.மீ. மகாரோவ் வேறு, .380 ஆட்டோ வேறு. அதுபோல 23-க்கு .40 தான், 10 மி.மீ. ஆட்டோ அல்ல. ஐயம் வந்தால் தோட்டாவைத் திருப்பி அடியில் பொறித்திருப்பதைக் குழலின் மேல் பொறித்திருப்பதோடு ஒத்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

இரண்டு மாதிரிகளிலும் கட்டைவிரலால் தள்ளும் பூட்டு கிடையாது. விசையிலும் உள்ளேயும் தானியங்கிப் பாதுகாப்புகள் மூன்று உண்டு. விசையை இழுத்தால் மூன்றும் விலகிவிடும். குழந்தையின் விரலுக்கும் விலகும். அதனால் பெட்டகம் துப்பாக்கிக்கு முன்னதாகவே வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 2021-இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால் 19-ஆ 23-ஆ என்ற கேள்வியையே ஒத்திவையுங்கள்.

சுத்தம் செய்யக் கழற்றும்போது கிளாக்கில் விசையை இழுத்துத்தான் ஆக வேண்டும். ஆகவே வரிசை மாறக் கூடாது. முதலில் மேகசினை வெளியே எடுங்கள். பிறகு ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் வீட்டின் வேறு அறையில் இருக்கட்டும். மேகசினை எடுக்கும் முன் ஸ்லைடை இழுத்தால், இருந்த தோட்டா வெளியே விழும், மேகசினில் இருந்து அடுத்தது உள்ளே ஏறிவிடும். காலி என்று நினைத்து விசையை இழுப்பவர்கள் சிக்குவது இங்கேதான்.

முதல் கொள்முதலாகப் பயிற்சித் தோட்டா 500, தற்காப்புக்கான வெற்று முனைத் தோட்டா 50 போதும். ஆலைத் தோட்டாவாகவே வாங்குங்கள். மறுபடி நிரப்பிய தோட்டாக்களைக் கிளாக் நிறுவனம் ஏற்பதில்லை. நியூஜெர்சியில் வெற்று முனைத் தோட்டாவை வீட்டுக்கு வெளியே வைத்திருக்கத் தனிக் கட்டுப்பாடு உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள். பயிற்சித் தோட்டாவில் முதல் இருநூறு சிக்கலில்லாமல் ஓடிய பிறகு வெற்று முனையிலும் ஒரு மேகசின் சுட்டுப் பாருங்கள். இடையில் எங்காவது சிக்கினால், எந்த மேகசினில் சிக்கியது என்று குறித்துவைத்து டீலரிடம் கொண்டுபோங்கள். பல நேரம் மாற்ற வேண்டியது மேகசின் மட்டும்தான்.